தள்ளிவைத்த எண்கள்: டோங்கா எரிமலையின் மேகம், மின்னல், ஓசோன்

2022 ஜனவரி 15, சனிக்கிழமை. நமக்கு அன்று மாட்டுப் பொங்கல். இங்கே காலை பத்து மணி ஆகக் கால் மணி நேரம் இருந்தது; தென் பசிபிக்கில் மாலை ஐந்தேகால். டோங்காவின் தலைநகர் நுகுஅலோஃபாவுக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டரில், உச்சியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உடம்பு முழுவதும் கடலுக்குள் கிடந்த ஹுங்கா எரிமலை வெடித்தது. ஹுங்கா டோங்கா, ஹுங்கா ஹாஅபாய் என்ற இரண்டு குட்டித் தீவுகளாகத்தான் அது வெளியே தெரியும். டிசம்பர் 20 முதலே விட்டு விட்டுப் புகைந்துகொண்டிருந்ததால் செயற்கைக்கோள் படங்களைக் கவனிக்கிறவர்களுக்குப் பழகிய இடம்தான். ஆனால் அன்று மாலை வந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை.

டோங்காவை வெளியுலகோடு இணைத்திருந்த கடலடிக் கேபிள் அன்றே அறுந்தது. அதைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆயிற்று. தொலைபேசி இல்லை, இணையம் இல்லை, விமான நிலைய ஓடுபாதை முழுக்கச் சாம்பல். முதல் சில நாட்களுக்கு அந்த நாட்டைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி வானத்திலிருந்து வந்ததுதான். வெடிப்பின் காற்றழுத்த அலை உலகை ஒரு திசையில் நான்கு முறையும் எதிர்த்திசையில் மூன்று முறையும் சுற்றியது. அன்றிரவு எட்டு மணியைத் தாண்டி, சுமார் 12,000 கிலோமீட்டர் பயணம் செய்து சென்னைக்கும் வந்தது. காற்றழுத்தமானிகளின் கோட்டில் ஒரு சின்னத் துள்ளல். பொங்கல் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்த எவருக்கும் அது தெரிந்திருக்காது.

வானிலைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து இடிமேகத்தையும் ஓசோனையும் எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு நாளைத்தான் எடுத்துக்காட்டுவேன். மேகத்தின் உயரம், மின்னல், நீராவி, ஓசோன் என எதை அளக்கப் போனாலும் கருவி தந்த எண் அதன் விதிப்புத்தகத்துக்கு வெளியே விழுந்த நாள் அது. வழக்கமான நாளில் கருவிகள் நன்றாகத்தான் வேலை செய்யும். அவற்றின் எல்லை எங்கே என்று தெரிய வேண்டுமானால் இப்படி ஒரு நாள் வேண்டியிருக்கிறது.

குளிர் சொல்லும் உயரம்

இடிமழை மேகம் எவ்வளவு உயரம் என்று பார்க்கும் வழி எளிமையானது. பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில், ஒரே இடத்தைப் பார்த்தபடி நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கேமரா, மேகத்தின் தலையிலிருந்து வரும் வெப்பக் கதிரை அளக்கிறது. மேலே போகப் போகக் குளிர் கூடும். ஆகவே மேகத்தின் தலை எவ்வளவு சில்லிட்டிருக்கிறதோ அவ்வளவு உயரம். பலூனில் கட்டி அனுப்பும் ரேடியோசோண்ட் கருவி தந்த வெப்பநிலைப் பட்டியலில் மைனஸ் 70 டிகிரி எந்த உயரத்தில் வருகிறது என்று பார்த்தால் கணக்கு முடிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் தொலைக்காட்சியில் காட்டும் இன்சாட் படத்தில் அடர்நிறத் திட்டு எங்கே இருக்கிறது என்று நாம் தேடுவதும் இதே கணக்கைத்தான்.

இந்தக் கணக்குக்கு ஒரு கூரை உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சுமார் 17 கிலோமீட்டரில் குளிர்வது நின்றுவிடும். அதற்கு மேலே இருக்கும் படைமண்டலத்தில், அதாவது ஓசோன் இருக்கும் அடுக்கில், ஏற ஏற வெப்பம் கூடும். ஏனென்றால் ஓசோன் சூரியனின் புறஊதாக் கதிரைக் குடித்துச் சூடாகிறது. சாதாரண இடிமேகம் இந்தக் கூரையில் முட்டி, கொல்லன் பட்டடைக்கல் போலப் பக்கவாட்டில் பரவிவிடும். மிகவும் முரட்டு மேகங்கள் மட்டும் கூரையைத் துளைத்து ஒரு முடிச்சாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த முடிச்சு தெரிந்தால் கீழே ஆலங்கட்டியோ சூறைக்காற்றோ வரலாம் என்று வானிலையாளர் நிமிர்ந்து உட்காருவார்.

இந்த முறையின் உச்சம் 2018 டிசம்பர் 29 அன்று கிடைத்தது. நவ்ரு தீவுக்குத் தெற்கே சுமார் 400 கிலோமீட்டரில் ஒரு இடிமேகத்தின் தலை மைனஸ் 111 டிகிரி செல்சியஸ் என்று நோவா-20 செயற்கைக்கோள் பதிவு செய்தது. மேகத்தின் உயரம் 20.5 கிலோமீட்டர். அளக்கப்பட்ட மேகங்களிலேயே மிகக் குளிர்ந்தது. அதை ஆராய்ந்து எழுதிய இருவரில் ஒருவர் பிரிட்டனின் சைமன் பிரவுட். அடுத்த மூன்றே ஆண்டில் அதே ஆள், குளிரை வைத்து உயரம் சொல்லும் அந்த முறை செல்லுபடியாகாத ஒரு மேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டிவந்தது.

ஹுங்காவின் மேகம் கூரையைத் துளைத்துக்கொண்டு எங்கோ போய்விட்டது. படைமண்டலத்தில் ஒரே வெப்பநிலை ஒன்றுக்கு மேற்பட்ட உயரங்களில் வரும். ஏறும்போது மைனஸ் 50, கூரையைத் தாண்டிப் போனால் மறுபடியும் ஒரு மைனஸ் 50. கருவி வெறும் வெப்பநிலையைத்தான் தருகிறது. அது மாடிப்படியின் எந்தப் பக்கத்து மைனஸ் 50 என்று சொல்வதில்லை. போதாததற்கு, அத்தனை வேகத்தில் மேலே எறியப்பட்ட சாம்பலும் நீராவியும் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்கு வர நேரமே கிடைக்கவில்லை. வழக்கமான கணக்குப்படி போட்டால் உண்மை உயரத்தில் பாதிகூட வராத எண் கிடைக்கும்.

பிரவுடும் அவர் கூட்டாளிகளும் அகச்சிவப்பை ஒதுக்கிவிட்டு, பள்ளிக்கூட இயற்பியலில் நாம் படித்த இடமாறு தோற்றப் பிழையை எடுத்தார்கள். கட்டைவிரலை முகத்துக்கு முன் நிறுத்தி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை. பின்னாலிருக்கும் சுவரில் விரல் இடம் மாறித் தெரியும். விரல் முகத்துக்கு எவ்வளவு கிட்டேயோ, மாற்றம் அவ்வளவு பெரிது. டோங்காவுக்கு மேற்கே ஜப்பானின் ஹிமாவாரி-8, கிழக்கே அமெரிக்காவின் கோஸ்-17. இந்த இரண்டும் இரண்டு கண்கள். ஹிமாவாரிக்கும் மேற்கே நின்ற தென்கொரியாவின் ஜியோ-கோம்சாட்-2ஏ மூன்றாவது கண். மூன்றும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படம் எடுத்துக்கொண்டிருந்தன. வெடிப்பு நடந்தது சூரியன் சாயும் நேரம். மேகத்தின் முகடுகள் துலக்கமாகத் தெரியும் வெளிச்சம். மேகத்தில் ஒரு முகட்டை எடுத்துக்கொண்டு, ஒரே நிமிடத்தில் மூவருக்கும் அது எங்கே தெரிந்தது என்று பொருத்திப் பார்க்க வேண்டும்.

அந்தக் கோணங்களை வைத்து நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 57 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி இருந்தால், ஹிமாவாரியின் படத்தில் அது தன் உண்மையான இடத்திலிருந்து 80 கிலோமீட்டர் அளவுக்குக் கிழக்கே தள்ளித் தெரியும். கோஸின் படத்தில் 65 கிலோமீட்டர் அளவுக்கு மேற்கே. இரண்டு படங்களுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கும் மேல் வித்தியாசம். ஒரு பிக்சல் இரண்டு பிக்சல் தகராறு கிடையாது. கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவு. இதே பிழையைத்தான் அன்றாட வேலையில் வானிலையாளர்கள் தொல்லையாக நினைத்துத் திருத்திக் கழிப்பார்கள்.

வந்த விடை 57 கிலோமீட்டர். நாசாவின் லேங்லி மையத்துக் குழு தனியாகச் செய்த கணக்கில் 58. கடல்மட்டத்திலிருந்து அந்த உயரத்துக்கு ஏற அரை மணி நேரம்தான் பிடித்தது. குடைபோல் விரிந்த முக்கிய மேகம் 31 முதல் 35 கிலோமீட்டரில் நின்றது. படைமண்டலத்தையும் தாண்டி அதற்கு மேலிருக்கும் இடைமண்டலத்துக்குள் ஒரு எரிமலை மேகம் நுழைந்ததை மனிதர் பதிவு செய்தது இதுவே முதல் முறை. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ சுமார் 40 கிலோமீட்டர் போனதாகச் சொல்வார்கள். அதைப் பற்றிச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பேச வேண்டியிருக்கிறது. அன்றைக்கு இப்படி மூன்று பக்கமிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும் கண்கள் இல்லை.

ஒரு சின்னத் தகவல்: இந்தக் கணக்குக்குக் கிழக்குக் கண்ணாக இருந்த கோஸ்-17, 2018இல் மேலே போன சிறிது காலத்திலேயே குளிரூட்டும் குழாயில் கோளாறு கண்ட செயற்கைக்கோள். வருடத்தில் சில வாரங்கள் இரவு நேரத்தில் அதன் அகச்சிவப்புப் படங்கள் கெட்டுப்போகும். நொண்டிக் குதிரை என்று பலர் ஒதுக்கிப் பேசியது. அன்று அது இல்லாவிட்டால் கிழக்குப் பக்கத்துப் பார்வையே இருந்திருக்காது. நம் இன்சாட்கள் நிற்கும் இடத்திலிருந்து டோங்கா தெரியாது. அது அவற்றின் அடிவானத்துக்கு அப்பால்.

நிமிடத்துக்கு 2,615

இந்த மேகத்தை எரிமலைப் புகை என்று சொல்வது பாதி உண்மை. அது ஒரு இடிமழை மேகமும்கூட. சாதாரண இடிமேகத்தில் பனித்துகளும் குருணைப் பனியும் மோதி மோதி மின்னூட்டம் பிரியும். எரிமலையில் சாம்பல் துகள்கள் ஒன்றையொன்று உரசியே மின்னூட்டம் ஏறும். ஹுங்காவில் இரண்டும் சேர்ந்தன. கடல்மட்டத்துக்குச் சுமார் 150 மீட்டர் கீழே இருந்த வாயிலிருந்து வந்த பாறைக்குழம்பு கடல்நீரை ஒரே மூச்சில் ஆவியாக்கியது. ஆவி மேலே போய்ப் பனியானது. சாம்பலும் பனியும் கலந்த ஒரு பிரம்மாண்ட அரவை எந்திரம்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த அலெக்ஸா வான் ஈட்டன் தலைமையிலான குழு மின்னல் பதிவுகளை எடுத்துச் சேர்த்துப் பார்த்தது. கோஸ்-17இல் ஜி.எல்.எம். என்ற மின்னல் கேமரா உண்டு. மின்னலில் சூடேறிய ஆக்சிஜன் உமிழும் 777.4 நானோமீட்டர் வெளிச்சத்தை மட்டும் பார்த்தபடி நொடிக்குச் சுமார் 500 படம் எடுக்கும். மேகம் தடித்துவிட்டால் உள்ளே அடிக்கும் மின்னலின் வெளிச்சம் வெளியே வருவது கடினம் என்பதால், வானொலி அலையை வைத்து மின்னலைக் கண்டுபிடிக்கும் தரைவழி வலைப்பின்னல்களின் பதிவையும் சேர்த்தார்கள். 11 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 1,92,000 மின்னல்கள். உச்சத்தில் நிமிடத்துக்கு 2,615. அதற்கு முன் பதிவான அதிகபட்சம் 1999இல் தெற்கு அமெரிக்க மாநிலங்களில் அடித்த ஒரு இடிமழையில், நிமிடத்துக்கு 993. சில மின்னல்கள் 20 முதல் 30 கிலோமீட்டர் உயரத்தில் அடித்தன. அந்த உயரத்தில் காற்று அவ்வளவு மெலிந்திருப்பதால் சாதாரண மின்னல் அங்கே உண்டாகாது என்பதுதான் பாடம்.

எனக்கு இந்த எண்களைவிடப் பிடித்தது மின்னல் வரைந்த வளையங்கள். மின்னல் விழுந்த இடங்களை வரைபடத்தில் குறித்தால் அவை எரிமலையைச் சுற்றி வட்டமாக நின்றன. நிமிடத்துக்கு நிமிடம் வட்டம் அகன்றது. ஒன்று போய் இன்னொன்று. குளத்தில் கல் போட்டால் அலை விரிவதுபோல், கூரையை முட்டிய மேகம் குடைமேகத்தில் அலைகளை எழுப்பியிருக்கிறது; அந்த அலைகளின் மேல் மின்னல் சவாரி செய்திருக்கிறது. ஒரு வளையம் 280 கிலோமீட்டர் குறுக்களவு வரை போனது. சென்னையை நடுவில் வைத்தால் திருவண்ணாமலையைக் கிட்டத்தட்ட எட்டிவிடும் வட்டம்.

இன்னொரு முக்கியமான விஷயம் இந்த மின்னல் கணக்கில் ஒளிந்திருந்தது. படங்களைப் பார்த்தவர்கள் வெடிப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்தது என்றே நினைத்தார்கள். மேலே விரிந்த குடை கீழே நடப்பதை மறைத்துவிட்டது. பிறகு இருட்டியும் விட்டது. ஆனால் மின்னல் நிற்கவில்லை. வெடிப்பு குறைந்தது 11 மணி நேரம் நீடித்தது என்பதை மின்னல்தான் காட்டிக்கொடுத்தது. மேகத்தலையை மட்டும் பார்த்து ஒரு புயலோ இடிமழையோ ஓய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுகிற எல்லோருக்கும் இது உறைக்க வேண்டும். நம் இன்சாட்களில் மின்னல் கேமரா இல்லை. இங்கே தரைவழி வலைப்பின்னலைத்தான் நம்புகிறோம். புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் நடத்தும் தாமினி செயலி அதிலிருந்துதான் வயலில் நிற்பவருக்கு எச்சரிக்கை அனுப்புகிறது.

ஐந்து டி.எம்.சி. ஆவி

நாசாவின் ஆரா செயற்கைக்கோள் 2004 ஜூலையிலிருந்து சுமார் 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள எம்.எல்.எஸ். கருவி பூமியை நேராகக் குனிந்து பார்ப்பதில்லை. அடிவானத்தின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்து, காற்றின் ஒவ்வொரு படலமும் விடும் நுண்ணலையை அளக்கிறது. ஒரு கோபுரத்தை மேலிருந்து பார்க்காமல் எதிர்ச்சாரியிலிருந்து பார்த்து நிலை நிலையாக எண்ணுவது மாதிரி. நீராவி, ஓசோன், குளோரின் சேர்மங்கள் எல்லாம் எந்த உயரத்தில் எவ்வளவு என்று அது சொல்லும்.

படைமண்டலம் பாலைவனத்தைவிட வறண்டது. பத்து லட்சம் மூலக்கூறுகளில் நாலைந்துதான் தண்ணீர். ஜனவரி 15க்குப் பிறகு எம்.எல்.எஸ். தந்த சில எண்கள் நூறைத் தாண்டின. கருவியின் தகவலைப் பயன்படுத்துவோருக்கென்று ஒரு தரச் சல்லடை உண்டு. இந்தத் தரம் இல்லாத அளவீட்டை எடுக்காதே என்ற விதி. எரிமலை மேகத்துக்குள் எடுத்த அளவீடுகளில் பெரும்பாலானவை அந்தச் சல்லடையில் தேறவில்லை. விதிப்படி நடந்திருந்தால் அவ்வளவும் குப்பைக்கூடைக்கு. ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியின் லூயிஸ் மில்லானும் சகாக்களும் தள்ளுபடியான அளவீடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கருவி பதிவு செய்த மூலக் கதிர்வீச்சோடு ஒப்பிட்டு, பிழை கருவியில் இல்லை என்று உறுதி செய்த பிறகே எழுதினார்கள்.

அவர்கள் கணக்கில் மேலே போன நீராவி 146 டெராகிராம். நம் கணக்கில் 14.6 கோடி டன். தண்ணீராக்கினால் ஐந்து டி.எம்.சி.யைச் சற்றுத் தாண்டும். செம்பரம்பாக்கம் ஏரி விளிம்பு தட்டி நின்றாலும் 3.645 டி.எம்.சி.தான். படைமண்டலத்தில் மொத்தம் இருக்கும் நீராவியில் இது பத்தில் ஒரு பங்கு. ஒரே மாலையில்.

தனியாக இன்னொரு சாட்சியும் கிடைத்தது. சாதாரண ரேடியோசோண்டின் ஈரப்பதக் கருவி படைமண்டலத்தில் பயன்படாது. அங்கே ஈரம் அவ்வளவு குறைவு என்பதால் அந்த உயரத்து எண்ணை யாரும் சட்டை செய்வதில்லை. ஹோல்கர் வோமல் குழு அந்தச் சட்டை செய்யாத எண்களைப் போய்ப் பார்த்தது. ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் தினசரி வேலையாக விட்ட பலூன்கள், எரிமலை மேகத்துக்குள் புகுந்த இடத்தில், இல்லாத ஈரத்தைக் காட்டியிருந்தன. இல்லாதது இருந்திருக்கிறது.

ஓசோன்

டோங்காவைப் படம்பிடித்த ஹிமாவாரி-8, கோஸ்-17 இரண்டிலும் 9.6 மைக்ரான் அலைநீளத்தில் ஒரு அலைவரிசை உண்டு. ஓசோன் உறிஞ்சும் அலைநீளம் அது. நம் இன்சாட்-3டிஆரில் காற்றை அடுக்கடுக்காக அளக்கும் சவுண்டர் கருவியிலும் ஓசோனுக்கென்று ஒன்று இருக்கிறது. படைமண்டலத்து வறண்ட, ஓசோன் நிறைந்த காற்று கீழே இறங்கும் இடத்தை இந்த அலைவரிசையை மற்றவற்றோடு கலந்து செந்நிறமாகக் காட்டுவார்கள். அப்படி ஒரு காற்று நாக்கு கீழே வந்தால் புயல் சட்டென்று உரமேறக்கூடும் என்பதால் வடக்கு அட்லான்டிக் வானிலையாளர்களுக்கு அது அன்றாடத் தேவை. ஆனால் எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. எரிமலை மேகத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் அதைவிடவும் இல்லை.

புறஊதாக் கதிரை வைத்து அளக்கும் கருவிகளுக்கு வேறொரு சங்கடம். எரிமலை கக்கும் கந்தக டை ஆக்சைடும் ஓசோனும் புறஊதாவை ஏறக்குறைய ஒரே இடத்தில் உறிஞ்சுகின்றன. ஒன்றை மற்றொன்று என்று கருவி நினைத்துவிடும். 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் வெடித்தபோது, நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் டாம்ஸ் என்ற ஓசோன் கருவி அதன் மேல் எக்கச்சக்கமாக ஓசோன் இருப்பதாகக் காட்டியது. நாசா விஞ்ஞானி அர்லின் க்ரூகர் அதைப் பிழை என்று கழிக்காமல் உற்றுப் பார்த்தார். அது கந்தக டை ஆக்சைடு. இன்று எந்த எரிமலை வெடித்தாலும் சில மணி நேரத்தில் கந்தகக் கணக்குச் சொல்கிறார்களே, அந்தக் கலை தொடங்கியது அந்தத் தப்பான ஓசோன் எண்ணிலிருந்துதான்.

அதே டாம்ஸைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. அண்டார்டிகாவின் ஓசோன் ஓட்டையை நாசாவின் கணினி பிழையான தகவல் என்று தூக்கி எறிந்துவிட்டது, 1985இல் பிரிட்டனின் ஜோசப் ஃபார்மன் குழு அங்கே ஹேலி பே தளத்தில் தரையிலிருந்து அளந்து சொன்ன பிறகுதான் நாசா குப்பையைக் கிளறியது என்று. மேடைப் பேச்சுக்கு நல்ல கதை. நடந்தது அப்படியில்லை. 180 டாப்சன் அலகுக்குக் கீழே வந்த எண்களை மென்பொருள் சந்தேகக் குறியிட்டு வைத்ததே தவிர எறியவில்லை. 300 டாப்சன் அலகு என்றால் தலைக்கு மேலிருக்கும் ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் மூன்று மில்லிமீட்டர் தடிமன். 180 என்பது யாரும் கண்டிராத குறைவு. சந்தேகக் குறிகள் ஒரே மாதத்தில், ஒரே இடத்தில் குவிவதை 1984இல் டாம்ஸ் குழுவின் பவன் பார்ட்டியாவும் சகாக்களும் கவனித்தார்கள். ஒத்துப்பார்க்கத் தென்துருவத் தரை நிலையத்தின் எண்ணை எடுத்தால் அது 300 என்றது. பிழை அந்தத் தரைக் கருவியில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஃபார்மன் முந்திக்கொண்டார், அதில் அவர் பெருமை குறையவில்லை. ஆனால் குறியிட்டு ஒதுக்கிய பட்டியலை ஒருவர் திறந்து பார்த்தார் என்பதையும் சேர்த்தே அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஹுங்காவின் மேகத்தைப் படைமண்டலத்தின் கிழக்குக் காற்று மேற்கே தள்ளிக்கொண்டு போனது. டோங்கா இருப்பது தெற்கு அட்சரேகை 20.5இல். அதே கோட்டில், ஏறக்குறைய 21இல், இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரைக்கால், புதுச்சேரிப் பக்கமிருந்து நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய அதே ரீயூனியன். அங்கே 2,000 மீட்டருக்கும் மேலே மாய்டோ மலையில் ஒரு வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. ஸ்டெஃபனி எவான் குழு ஒரு வாரத்துக்குள் பலூன்களைத் தயார்செய்து, மேகம் தலைக்கு மேல் வரும்போது உள்ளே விட்டது. இந்த நிகழ்வில் நான் வியப்பது இந்த வேகத்தை.

பலூனும் எம்.எல்.எஸ்.ஸும் சேர்ந்து காட்டியது இது: தென்மேற்குப் பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை மேகம் போன வழியில், ஒரே வாரத்தில் படைமண்டல ஓசோன் 5 சதவீதம் குறைந்திருந்தது. காரணத்துக்கும் தடயம் கிடைத்தது. மேகத்துக்குள் ஹைட்ரஜன் குளோரைடு குறைந்து, குளோரின் மோனாக்சைடு கூடியிருந்தது. முதலாவது சாதுவான குளோரின், ஓசோனைத் தொடாது. இரண்டாவது ஓசோனைத் தின்னும் குளோரின். வழக்கமாக இந்த மாற்றம் அண்டார்டிகாவின் குளிர்காலத்து இருட்டில், மைனஸ் 80 டிகிரியை ஒட்டிய குளிரில், பனிமேகத் துகள்களின் மேற்பரப்பில் நடக்கும். வெப்பமண்டலத்தின் மேல் அதற்கு இடமே இல்லை என்பார்கள். ஆனால் இங்கே நீராவி அளவுக்கு மீறி இருந்தது. அந்த நீராவியே காற்றைக் குளிர்வித்தது. கந்தகத் துளிகள் ஈரம் குடித்துப் பருத்தன. மூன்றும் சேர்ந்து வினை நடக்கக் களம் அமைத்துவிட்டன. படைமண்டலத்திலிருக்கும் குளோரினில் பெரும்பகுதி மனிதர் பழைய பிரிட்ஜிலும் ஏசியிலும் அடைத்துப் பிறகு வெளியே விட்டது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

5 சதவீதம் என்றதும் ஓசோன் ஓட்டை திரும்பிவிட்டது என்று பதறத் தேவையில்லை. குறைந்தது ஒரு பாதை நெடுக, சில காலம். 2022இல் அண்டார்டிக் ஓசோன் ஓட்டையில் ஹுங்காவின் கை இல்லை. நீராவி தெற்கே போய்ச் சேரும்முன் துருவச் சுழல்காற்று மதில்போல எழுந்துவிட்டது. 2023இல் நீராவி உள்ளே இருந்தது. அந்த ஆண்டு ஓட்டை வழக்கத்தைவிட முன்னதாகவே திறந்தது. செப்டம்பர் 21 அன்று 2.6 கோடி சதுர கிலோமீட்டர், ஒருநாள் உச்சத்தில் பன்னிரண்டாவது பெரியது. ஹுங்காவுக்கு அதில் பங்கிருக்கலாம் என்று நாசா சொன்னது; எவ்வளவு பங்கு என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் நான் நம்ப மாட்டேன், ஒவ்வோர் ஆண்டும் தென்துருவக் குளிரே தன்னிச்சையாகக் கூடிக் குறைகிறது. 2024இல் ஓட்டை சிறியதாகவே இருந்தது.

வழக்கமாகப் பெரிய எரிமலை என்றால் கந்தகம். கந்தகத் துளிகள் வெயிலை மறைத்து உலகைக் குளிர்விக்கும். பினாட்டுபோ ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேல் கந்தக டை ஆக்சைடு அனுப்பி உலகச் சராசரியை அரை டிகிரி அளவுக்கு இறக்கியது. ஹுங்கா அனுப்பியது சுமார் நான்கு லட்சம் டன்தான். பாடப்புத்தகத்தில் எரிமலை பற்றிய அந்தப் பக்கத்தை ஹுங்காவுக்குப் பொருத்த முடியாது.

அன்று பார்த்த கண்களில் ஹிமாவாரி-8 அதே ஆண்டு டிசம்பரில் ஹிமாவாரி-9க்கு இடம் கொடுத்து ஒதுங்கியது. அடுத்த மாதமே கோஸ்-17க்குப் பதில் கோஸ்-18 வந்தது. ஆராவுக்குப் பதிலாள் இல்லை. இருபது வயதைத் தாண்டிவிட்ட எம்.எல்.எஸ்.ஸின் ஆயுளை இழுத்துப் பிடிக்க, நீராவியை அளக்கும் பகுதியை 2024லிருந்து மாதத்தில் சில நாட்கள் மட்டும் இயக்கத் தொடங்கினார்கள். ஹுங்கா ஏற்றிவைத்த தண்ணீர் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருப்பதை அது அந்தச் சில நாட்களில் விழித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு, மறுபடியும் அணைந்துவிடும்.